சிக்னலில் ஏறும் சூடு, ஃபேன் கிளட்ச்சைப் பாருங்கள்

ஹைவேயில் ஓடும்போது டெம்பரேச்சர் முள் அசையாமல் இருக்கிறது, சிக்னலில் நாலு நிமிடம் நின்றால் மேலே ஏறுகிறது, கூடவே ஏசியும் சூடாக ஊதுகிறது என்றால், கூலன்ட் அளவு சரியாக இருக்கும் பட்சத்தில், ரேடியேட்டரை இறக்குவதற்கு முன் ஃபேன் கிளட்ச்சை, அதாவது சூட்டுக்கு ஏற்ப ஃபேனை இறுகப் பிடித்தும் தளர விட்டும் சுற்ற வைக்கும் பாகத்தை, சந்தேகப்படுங்கள். பழைய டீசல் இன்னோவா மாதிரி பெல்ட்டில் ஃபேன் ஓடும் வண்டிகளுக்குத்தான் இது; மோட்டார் ஃபேன் உள்ள சின்னக் கார்களில் இந்தச் சமாச்சாரமே கிடையாது.

காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபேனை ஒரு சுண்டு சுண்டுங்கள். லேசான பிடிப்போடு சீக்கிரம் நிற்க வேண்டும். சும்மா விர்ரென்று பல சுற்று சுற்றினால் கிளட்ச்சுக்குள் அந்தப் பிடிப்பைத் தரும் சிலிகான் ஆயில் போய்விட்டது என்று அர்த்தம். கிளட்ச்சின் முன்பக்கம் கடிகார ஸ்பிரிங் போலச் சுருண்ட ஒரு தகடு இருக்கும், அதைச் சுற்றிப் புழுதி அப்பிய பிசுக்கு இருந்தால் கசிவுக்கு அதுவே சாட்சி. ஃபேன் இலையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்று ஆடினால் பேரிங் காலி.

ஃபேன் எப்போதும் ஹோவென்று இரைந்தால் கிளட்ச் இறுகிவிட்டது. சூடு ஏறாது, மைலேஜ்தான் அடிவாங்கும். ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் இரைந்து அடங்கினால் பயப்பட வேண்டாம். அப்புறம், ஓடும் ஃபேனில் சுருட்டிய பேப்பரை விட்டுச் சோதிக்கும் வித்தை வேண்டவே வேண்டாம்.