இரவில் கெண்டைக்கால் பிடிக்கிறதா? பிடிப்பையும் எலும்பையும் தனித்தனியே கவனிக்கும் முறை

ஐம்பதைத் தாண்டிய பெண்கள் இரண்டு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. "ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சுப்போட்டுது, உயிர் போய் வந்தது." மற்றவர் உடனே சொல்வார்: "கல்சியம் காணாது, குளிசை வாங்கிப் போடுங்கோ." அப்படியே பாமசிக்குப் போய் ஒரு போத்தல் வாங்கி வந்துவிடுகிறோம்.

இதில் இரண்டு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. இரவில் வரும் கெண்டைக்கால் பிடிப்பு பெரும்பாலும் தசையைச் சேர்ந்தது. அது எலும்பு மெலிந்ததன் அடையாளம் அல்ல. எலும்பு மெலியும்போது வலியே இருக்காது. வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடையும் அன்றுதான் பலருக்குத் தெரியவருகிறது. பிடிப்பு நின்றுவிட்டது, எலும்பும் தேறிவிட்டது என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுகிறோமே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. அதனால் முதலில் பிடிப்பு, அப்புறம் எலும்பு என்று பிரித்தே எழுதுகிறேன்.

படி 1: பிடித்த அந்த நிமிடம்

பதறிக் கட்டிலை விட்டுக் குதிக்க வேண்டாம். அரைத் தூக்கத்தில், இருட்டில், ஒரு காலை ஊன்ற முடியாமல் எழும்பினால் விழுந்துவிடுவீர்கள்.

படுத்தபடியே முழங்காலை நேராக நீட்டுங்கள். கால்விரல்கள் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி பாதத்தை மேலே மடக்குங்கள். கை எட்டாவிட்டால் ஒரு துவாயை உள்ளங்காலில் கொடுத்து, இரண்டு முனைகளையும் பிடித்து மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். அடிக்கடி பிடிப்பு வருபவர்கள் கட்டிலருகே ஒரு துவாயை மடித்து வைத்துக்கொள்வது நல்லது. விரல்களை எதிர்ப்பக்கமாக நீட்டக் கூடாது, தசை இன்னும் இறுகும்.

இழுத்து வைத்திருக்க, வலி கொஞ்சம் கொஞ்சமாக விடும். பிறகு கையால் அமுக்கித் தேய்க்கலாம். சித்தாலேப பூசினால் சுகம் தெரிகிறதென்றால் பூசுங்கள். தேய்க்கும் கைதான் பாதி மருந்து. வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றியும் வைக்கலாம். ஆனால் சீனி வருத்தத்தால் காலில் உணர்வு குறைந்தவர்கள் வெந்நீர் வைக்கவே வேண்டாம், சுட்டாலும் தெரியாது. அடுத்த நாளும் அந்த இடம் நோகலாம். அது வழமைதான்.

படி 2: படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடம்

குளிசையைவிட இதைத்தான் நான் முதலில் செய்யச் சொல்வேன். 55 வயதைக் கடந்தவர்களை வைத்து நெதர்லாந்தில் நடத்தி 2012இல் வெளிவந்த ஆய்வொன்றில், படுக்குமுன் கெண்டைக்காலையும் தொடையின் பின்பக்கத்தையும் நீட்டிப் பழகியவர்களுக்கு ஆறு வாரத்தில் பிடிப்பு வருவது குறைந்திருந்தது. செலவில்லை, பக்கவிளைவும் இல்லை.

சுவரைப் பார்த்து ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் ஊன்றுங்கள். ஒரு காலை ஓரடி பின்னே வையுங்கள். பின்காலின் முழங்கால் மடங்காமல், குதிக்கால் தரையை விட்டுக் கிளம்பாமல், முன்காலை மட்டும் மடக்கிச் சுவரை நோக்கிச் சாயுங்கள். பின்காலின் கெண்டைச் சதை இழுபடுவது தெரியும். மூச்சை அடக்காமல் 30 விநாடி அப்படியே நில்லுங்கள். காலுக்கு மூன்று தடவை. வலிக்கும் அளவுக்குப் போகாதீர்கள், இழுவை தெரிந்தால் போதும்.

அடுத்தது தொடைக்கு. உறுதியான கதிரை ஒன்றின் நுனியில் இருந்து, ஒரு காலை நேரே நீட்டிக் குதிக்காலைத் தரையில் வையுங்கள். முதுகைக் கூன வைக்காமல் இடுப்பிலிருந்து முன்னே சாயுங்கள். இதுவும் 30 விநாடி.

படுத்த பிறகு போர்வையைக் கால்மாட்டில் மெத்தைக்கு அடியில் செருகி இறுக்காதீர்கள். இரவு முழுவதும் பாதம் கீழே அமுங்கியிருந்தால் கெண்டைத் தசை சுருங்கியே கிடக்கும்.

படி 3: ஏன் வருகிறது என்று பாருங்கள்

பலருக்குக் காரணம் இன்னதென்று பிடிபடாமலே போகும். என்றாலும் சிலதைப் பார்க்கலாம். பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும் நீர் போகும் குளிசை, ஆஸ்துமாவுக்கான சில இன்ஹேலர்கள், கொலஸ்ட்ரோல் குளிசை ஆகியவற்றோடு பிடிப்பு வரலாம். புதுக் குளிசை தொடங்கிய பிறகுதான் பிடிப்பும் தொடங்கியதா என்று நினைத்துப் பாருங்கள். அப்படியென்றால் டொக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். தைரொயிட், சிறுநீரகம், சீனி வருத்தம் ஆகியவையும் காரணமாகலாம்.

தண்ணீர் விஷயம் கொழும்புப் பெண்களுக்கு முக்கியம். புழுக்கத்தில் வியர்த்து வழிகிறது. ஆனால் வெளியே போனால் மலசலகூடம் தேட வேண்டுமே என்று பஸ் ஏறுமுன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறோம். கந்தசஷ்டி போன்ற விரத நாட்களில் நீர் போகும் குளிசையும் போட்டு, தண்ணீரும் குடிக்காமல் இருப்பது ஆபத்தே. விரதம் தொடங்குமுன் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இருதய, சிறுநீரக நோயுள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

மக்னீசியம் குளிசை பற்றி இப்போது நிறையச் சொல்கிறார்கள். வயதானவர்களின் சாதாரண இரவுப் பிடிப்புக்கு அதனால் சொல்லும்படியான பலன் கிடைப்பது சந்தேகம் என்பதே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவு. குயினைன் என்ற மலேரியா மருந்து பிடிப்பைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் இரத்தத்தையும் இருதயத் துடிப்பையும் பாதிக்கக்கூடியது என்பதால் யாரோ கொடுத்தார்கள் என்று போடவே கூடாது.

எல்லாக் கால் வலியும் பிடிப்பு அல்ல. நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் காலுக்கு இரத்தம் போகும் குழாய் ஒடுங்கியிருக்கலாம். படுத்தவுடன் கால் குறுகுறுத்து, ஆட்டினால்தான் ஆறுதல் என்றால் அது வேறொரு தொந்தரவு. இரும்புச்சத்தைச் சோதிக்கச் சொல்வார்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால் இரத்தம் கட்டியிருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதோடு மூச்சுத் திணறலும் வந்தால் 1990க்கு அழையுங்கள். சுவசரிய அம்புலன்ஸ் இலவசம்.

படி 4: எலும்புக்குச் சாப்பாடு

இனி எலும்பு. ஏறக்குறைய 30 வயதுவரை எலும்பு சேர்கிறது. அதன் பின் சேர்ப்பு நின்று, மெல்லக் குறைகிறது. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் குறைய, முதல் ஐந்து முதல் ஏழு வருடங்களில் எலும்பு வேகமாகக் கரைகிறது. சிலருக்கு ஐந்தில் ஒரு பங்குவரைகூடப் போய்விடும். ஆகவே எழுபதில் யோசிக்கலாம் என்று விடாமல் ஐம்பதிலேயே தொடங்க வேண்டும்.

ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கல்சியம் வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு தம்ளர் பாலில், அதாவது 200 மில்லிலீற்றரில், சுமார் 240 மில்லிகிராம் இருக்கிறது. தேத்தண்ணியில் போடும் ஒரு கரண்டி பால்மாவைப் பால் குடித்த கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் வருவது கொஞ்சம்தான். 100 கிராம் குரக்கன் மாவில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. காலையில் பாணுக்குப் பதிலாகக் குரக்கன் பிட்டு, மத்தியானம் ஒரு கோப்பைத் தயிர், முருங்கையிலை வறை, பின்னேரம் ஒரு எள்ளுருண்டை என்று வந்தால் பாதித் தூரம் போய்விடலாம். நெத்தலியை முள்ளோடு சாப்பிடுவதால் அது கல்சியத்துக்கு மிக நல்லது. டின் மீனின் மெதுவான முள்ளையும் எறியாதீர்கள். நெத்தலிக் கருவாட்டை மட்டும் நன்றாக ஊறவைத்துக் கழுவி உப்பைப் போக்குங்கள். உப்புக் கூடினால் பிரஷருக்கும் கெடுதி, சிறுநீரோடு கல்சியமும் கூடுதலாகப் போய்விடும்.

புரதத்தை மறந்துவிடுகிறோம். வயதான அம்மாமார் பலர் இரவில் இரண்டு துண்டு பாணும் தேத்தண்ணியுமாக முடித்துக்கொள்கிறார்கள். எலும்பைத் தாங்கி நிற்கும் தசை அதனால் கரைகிறது. பருப்பு, கடலை, முட்டை, மீன் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும்.

சாப்பாட்டால் முடியாவிட்டால்தான் குளிசை. கல்சியம் காபனேற் என்றால் சாப்பாட்டோடு, ஒரே நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேற்படாமல் எடுங்கள். தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விட வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையையும் இதோடு சேர்த்துப் போடக் கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

படி 5: வெயில்

கல்சியம் உடலில் சேர விற்றமின் டி வேண்டும். இந்த ஊரில் வெயிலுக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். தொடர்மாடியில் இருந்து, லிப்டில் இறங்கி, ஓட்டோவில் ஏறிப் போய் வரும் உடலில் வெயில் எங்கே படுகிறது? யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காயும் வெயிலும் கணக்கில் வராது. விற்றமினை உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். நம் போன்ற கறுத்தத் தோலுக்கு நேரமும் கொஞ்சம் கூட வேண்டும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரத்தில், கையும் முழங்காலுக்குக் கீழும் வெயில் படும்படி மொட்டைமாடியிலோ பல்கனியிலோ கொஞ்ச நேரம் நில்லுங்கள். தலை சுற்றும்வரை நிற்க வேண்டியதில்லை. வெளியே போகவே முடியாதவர்கள் டொக்டரைக் கேட்டு விற்றமின் டி எடுக்கலாம்.

படி 6: எலும்புக்கும் தசைக்கும் வேலை

மரைன் டிரைவிலும் சுதந்திர சதுக்கத்திலும் விடியற்காலையில் நடக்கும் பெண்களைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. நடையை விடாதீர்கள். ஆனால் நடை மட்டும் எலும்புக்குப் போதாது, பாரமும் தசை இழுவையும் வேண்டும். கீழே உள்ள மூன்றையும் குசினியிலேயே செய்யலாம்.

கை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி, மெதுவாகத் திரும்ப இருங்கள். பத்துத் தடவை. முடியாவிட்டால் கதிரையில் ஒரு தலையணை போட்டு உயரமாக்கித் தொடங்கலாம். குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு குதிக்காலைத் தூக்கி, நுனிக்காலில் நின்று, மெல்ல இறக்குங்கள். இதுவும் பத்து. கெண்டைத் தசைக்கும் நல்லது என்பதால் பிடிப்புக்காரர்கள் இதைத் தவறவிடக் கூடாது. கடைசியாக, மேசைக்குப் பக்கத்திலேயே ஒற்றைக் காலில் பத்து விநாடி நின்று பழகுங்கள். பிடிக்க ஒரு கை தயாராக இருக்கட்டும்.

எலும்பு மெலிவு என்று ஏற்கெனவே சொல்லப்பட்டவர்கள் முதுகை வளைத்துக் குனிவதையும் இடுப்பை முறுக்குவதையும் தவிர்க்க வேண்டும். குட்டை விளக்குமாற்றுக்குப் பதில் நீளத் தும்புத்தடி. அரிசி மூட்டை தூக்குவது வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

படி 7: விழாமல் இருங்கள்

ஈரமான டைல்ஸ் தரை, வழுக்கும் கால்மிதி, தேய்ந்த பாட்டா, நிலத்தில் இழுபடும் ஹவுஸ்கோட், இருட்டில் பாத்ரூமுக்குப் போகும் வழி. இந்த ஐந்தையும் இன்றைக்கே பாருங்கள். கொமட்டுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி பூட்டுவது வீட்டில் வயதானவர் இருந்தால் அவசியம். துவாய்க் கம்பி உடம்பின் பாரத்தைத் தாங்காது. கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தால் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 8: பரிசோதனை

எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேனுக்கு டெக்ஸா என்று பெயர். கொழும்பில் அந்த வசதி இருக்கிறது. டொக்டரின் கடிதத்தோடு போங்கள். அறிக்கையில் டி ஸ்கோர் என்று ஒரு எண் இருக்கும். −1க்கு மேலே நல்லது. −1க்கும் −2.5க்கும் இடையில் குறையத் தொடங்கிவிட்டது. −2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்பு மெலிவு நோய், அதற்கு மருந்து உண்டு. குதிக்காலை மட்டும் கருவியில் வைத்துப் பார்க்கும் இலவச முகாம் சோதனையை முடிவாக எடுக்காதீர்கள்.

65 ஆகிவிட்டால் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். 45க்கு முன் மாதவிடாய் நின்றவர்கள், மாதக்கணக்கில் ஸ்டீரொயிட் குளிசை எடுத்தவர்கள், 50க்குப் பிறகு நின்ற நிலையில் விழுந்தே எலும்பு உடைந்தவர்கள், உயரம் நாலு சென்ரிமீற்றர் அளவுக்குக் குறைந்தவர்கள் அதற்கு முன்பே கேட்க வேண்டும். ஷெபீல்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய பிரக்ஸ் என்ற இணையக் கணக்கியில் இலங்கை என்று தெரிவு செய்து, ஸ்கேன் இல்லாமலேயே, அடுத்த பத்து ஆண்டுகளில் எலும்பு முறியும் வாய்ப்பைப் பார்க்கலாம். பிள்ளைகளைக் கொண்டு போட்டுப் பார்த்து, அந்தத் தாளையும் டொக்டரிடம் கொடுங்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் வெல் வுமன் கிளினிக் எந்த நாள் என்று கேளுங்கள். பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்துச் சோதனைகளைக் கட்டணமில்லாமல் செய்வார்கள். கால் பிடிப்பையும் மாதவிடாய் நின்ற பிறகு வந்த மாற்றங்களையும் அங்கேயே சொல்லலாம்.

போகும்போது நீங்கள் எடுக்கும் குளிசைகள் எல்லாவற்றையும், ஆயுர்வேத மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பிடிப்பு வாரத்தில் எத்தனை இரவு, எந்தக் கால் என்று எழுதி வையுங்கள். குடும்பத்தில் இடுப்பு எலும்பு உடைந்தவர் இருந்தால் அதையும் சொல்லுங்கள்: அம்மாவுக்கா, அப்பாவுக்கா, எந்த வயதில், எப்படி விழுந்து என்று.