இருவர், இரண்டு தூண்டில்: ஏரிக்கரையில் முதல் வார இறுதி

ரொறன்ரோவிலிருந்து கூடாரமடிக்கப் போகும் நம்மவர் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் தூண்டிலோடு தண்ணீர்ப் பக்கம் போய்விடுவார், மற்றவர் அடுப்போடும் சட்டியோடும் கூடாரத்தடியிலேயே நின்றுவிடுவார். கணவன் மனைவி இருவராகப் போகும் பயணத்தில் இது வேண்டவே வேண்டாம். ஆளுக்கொரு தூண்டில், வேலையில் ஆளுக்குப் பாதி. அதற்கேற்ற மாதிரித்தான் இந்த விளக்கத்தை எழுதுகிறேன். படகு வேண்டாம், பெரிய மீனும் வேண்டாம். கரையில் நின்றே பிடிக்கக்கூடிய சன்ஃபிஷும் பெர்ச்சும் முதல் தடவைக்குத் தாராளம். அடிக்கடி கடிக்கும் சின்ன மீன்தான் புதியவருக்கு ஆர்வத்தை வளர்க்கும்.

படி 1: இடமும் நாளும்

எடுத்துக்காட்டாகக் கவார்த்தா பகுதியிலுள்ள பால்சம் ஏரி மாகாணப் பூங்காவை வைத்துக்கொள்வோம். ரொறன்ரோவிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ இரண்டு மணி நேர ஓட்டம். ட்ரென்ட்-செவெர்ன் நீர்வழியின் உச்சியில் இருக்கும் ஏரி இது. இங்கிருந்து ஒரு பக்கம் ஒன்ராறியோ ஏரியை நோக்கியும் மறுபக்கம் ஜோர்ஜியன் குடாவை நோக்கியும் நீர்வழி இறங்குகிறது. அருகிலேயே, படகைத் தண்ணீர்த் தொட்டியோடு தூக்கி இறக்கும் கேர்க்ஃபீல்ட் நீர்த்தூக்கி இருக்கிறது. 1907இல் திறந்தது. நேரமிருந்தால் கட்டாயம் நின்று பாருங்கள்.

ஒன்ராறியோ பூங்காக்களில் ஐந்து மாதங்களுக்கு முன்பே, காலை 7 மணிக்கு முன்பதிவு திறக்கும். கோடை வார இறுதிகள் வேகமாக முடிந்துவிடும். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் கறுப்பு ஈத் தொல்லை அதிகம், அதனால் புதியவர்கள் ஜூலைக்குப் பிறகு போவது நல்லது. வெள்ளி, சனி என இரண்டு இரவுக்குப் பதியுங்கள். ஒரே இரவென்றால் கூடாரத்தை அடிப்பதிலும் கழற்றுவதிலுமே பொழுது போய்விடும். பிற்பகல் 2 மணிக்குத்தான் இடம் உங்கள் கைக்கு வரும். வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்து, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேரப் பாருங்கள்.

படி 2: அனுமதிப்பத்திரம், இருவருக்கும்

18 முதல் 64 வயது வரையுள்ள ஒன்ராறியோவாசி தூண்டில் போட அவுட்டோர்ஸ் கார்டு எனும் மாகாண அட்டையும் மீன்பிடி அனுமதிப்பத்திரமும் தேவை. கார்டு மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். இணையத்திலேயே எடுக்கலாம். ஒருவருடைய பத்திரத்தில் மற்றவர் மீன் பிடிக்க முடியாது, எனவே இரண்டு பேருக்கும் தனித்தனியே எடுங்கள். அனுமதிப்பத்திரத்தில் இரண்டு வகை உண்டு. குறைந்த எண்ணிக்கையில் மீன் வைத்துக்கொள்ளும் வகை விலை குறைவு, இருவர் சாப்பிட அதுவே போதும்.

செலவில்லாமல் ஒருமுறை செய்து பார்க்க விரும்பினால், அன்னையர் தின வார இறுதி, தந்தையர் தின வார இறுதி, கனடா தினத்தை ஒட்டி வரும் ஒரு வாரம் ஆகிய நாட்களில் கனடாவில் வசிப்பவர்கள் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒன்ராறியோவில் பிடிக்கலாம். பெயரும் பிறந்த தேதியும் உள்ள அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும்.

மாகாணம் மீன்பிடி மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கவார்த்தா ஏரிகள் 17ஆம் மண்டலத்தில் வருகின்றன. எந்த மீன், எந்த மாதம், எத்தனை என்பதை அந்த மண்டலத்தின் விதிகளில் பார்த்து, கைபேசியில் படமெடுத்து வையுங்கள். பாஸ் மீனுக்கான பருவம் திறக்கும் முன் அது தூண்டிலில் சிக்கினால் உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

படி 3: தூண்டில் சாமான்

ஆளுக்கு இவ்வளவும் போதும்:

- ஆறு, ஆறரை அடி நீளமுள்ள மெல்லிய தூண்டில் தடியும் சுழல் ரீலும், சேர்த்து விற்கும் மலிவான சோடியே போதும்
- ஆறு இறாத்தல் பாரம் தாங்கும் தங்கூசி (தூண்டில் நூல்)
- 8ஆம் எண் முள், சின்ன மிதப்பு, நூலைத் தண்ணீருக்குள் இறக்க அதில் கிள்ளிப் பூட்டும் சின்னக் குண்டு
- மண்புழு ஒரு டப்பா, நீள மூக்குக் குறடு ஒன்று (இவை இருவருக்கும் பொது)

ஈயக் குண்டு வாங்காதீர்கள். கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் இருக்கும் லூன் பறவை, ஈயக் குண்டை விழுங்கினால் நஞ்சேறிச் செத்துப்போகிறது. தகரத்தில் செய்த குண்டும் கடைகளில் கிடைக்கும்.

முடிச்சை வீட்டிலேயே பழகுங்கள். தங்கூசியை முள்ளின் காதுக்குள் விட்டு, நுனியால் தாய்நூலை ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். காதுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வளையம் இருக்கும். நுனியை அதற்குள் விட்டால் பெரிய வளையம் ஒன்று உண்டாகும், அதற்குள்ளும் விடுங்கள். நன்றாக நனைத்துவிட்டு மெதுவாக இழுத்து இறுக்குங்கள். நனைக்காமல் இழுத்தால் உராய்ந்து நூலின் பலம் குறையும். முள்ளிலிருந்து அரை அடி மேலே குண்டு, இரண்டு மூன்று அடி மேலே மிதப்பு.

படி 4: கூடாரம்

இருவருக்கு நால்வர் கூடாரம் வசதி. கொஞ்சம் மேடான இடமாகப் பார்த்து, தலைக்கு மேலே பட்ட கிளை எதுவும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு அடியுங்கள். அடியில் விரிக்கும் தரைவிரிப்பு கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மழைத்தண்ணீர் அதில் விழுந்து உள்ளே வரும். கோடையிலும் இரவில் குளிரும். அந்தக் குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும், ஆகவே போர்வையை விடக் கீழே போடும் பஞ்சு மெத்தைக்குக் காசு செலவழிப்பது புத்திசாலித்தனம்.

விறகை வீட்டிலிருந்து கொண்டு போகாதீர்கள். 2002இல் விண்ட்சரில் கண்டுபிடிக்கப்பட்ட மரகதப் பச்சை வண்டு, பட்டைக்கடியில் புழுவாக இருந்து ஏஷ் மரங்களை அழித்துவருகிறது. விறகோடு விறகாக அது புதிய காடுகளுக்குப் போய்ச் சேருகிறது. பூங்காவிலேயே விறகு விற்பார்கள்.

படி 5: தூண்டில் போடுவது

விடியற்காலையும் மாலையும்தான் நல்ல நேரம். சனிக்கிழமை காலை சமையலே வைக்காதீர்கள், பாணும் சம்பலும் எடுத்துக்கொண்டு இருவரும் கரைக்குப் போங்கள். நீந்தும் இடத்தை விட்டு விலகி, நீர்ச்செடி முடியும் ஓரம், விழுந்த மரம் இப்படி நிழலும் மறைவும் உள்ள இடமாகத் தேடுங்கள்.

சுட்டுவிரலால் நூலைத் தடியோடு அழுத்திப் பிடித்து, ரீலின் கம்பி வளையத்தைத் திறந்து, தடியைப் பின்னால் சாய்த்து முன்னுக்கு வீசும்போது விரலை விடுங்கள். வீசும் முன் திரும்பிப் பார்ப்பது அவசியம், துணை பின்னால் நிற்கலாம். புழுவை விரல் நகமளவுக்குக் கிள்ளி முள் மூடக் குத்தினாலே போதும். முழுப் புழுவை மாட்டினால் மீன் புழுவின் வாலை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும்.

மிதப்பு லேசாக ஆடும்போது இழுக்காதீர்கள். அது தண்ணீருக்குள் போனதும் தடியின் நுனியை மெல்ல உயர்த்துங்கள். செம்மஞ்சள் வயிறும் கன்னத்தில் நீலக் கோடுகளும் இருந்தால் சன்ஃபிஷ். பொன்னிற உடம்பில் மேலிருந்து கீழாகக் கருங்கோடுகள் இருந்தால் பெர்ச். கையை நனைத்து, தலைப்பக்கமிருந்து முதுகு முட்களைப் படிய நீவிப் பிடித்தால் குத்தாது. தூண்டில் முள்ளை விழுங்கிய மீனை விடுவதானால், தோண்டி எடுக்காமல் நூலை வாயோரத்தில் வெட்டிவிடுங்கள்.

படி 6: பொரியல்

கையளவுக்குக் குறைந்த மீனை விட்டுவிடுங்கள். மற்றதைச் செதில் சீவி, தலையும் குடலும் நீக்கி, இருபக்கமும் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, தேசிக்காய்ப் புளி தடவிக் கால்மணி நேரம் வைத்துப் பொரியுங்கள். ஒருவர் சுத்தம் செய்ய மற்றவர் நெருப்பைப் பார்க்கலாம். எந்த ஏரியில் எந்த மீனை மாதத்துக்கு எத்தனை தடவை சாப்பிடலாம் என்று ஒன்ராறியோ அரசு ஒரு வழிகாட்டி வெளியிடுகிறது. கர்ப்பிணிகளும் கர்ப்பம் எதிர்பார்ப்பவர்களும் அதைப் பார்க்காமல் சாப்பிட வேண்டாம். பெரிய மீன்களில் பாதரசம் கூடச் சேர்ந்திருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் குடல், செதில், மிச்ச உணவு எல்லாவற்றையும் கட்டிப் பூங்காவின் குப்பைத் தொட்டியில் போடுங்கள். சம்பல் போத்தல் உட்பட வாசனையுள்ள எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது, காருக்குள் பூட்டுங்கள். ரக்கூன் நிச்சயம் வரும், கரடியும் வரலாம். நெருப்பில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பல் குளிர்ந்த பிறகே படுங்கள்.

படி 7: ஞாயிறு

காலையில் இன்னொரு தடவை தூண்டில் போட நேரமிருக்கும். பிற்பகல் 2 மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். மிஞ்சிய புழுவையும் மண்ணையும் தண்ணீரிலோ கரையிலிருந்து 30 மீட்டருக்குள்ளோ கொட்டுவது சட்டப்படி குற்றம். காட்டிலும் கொட்டாதீர்கள், அந்த மண்புழுக்கள் அங்கே பிறந்தவை அல்ல, காட்டுத் தரையின் இலைப்படுக்கையைத் தின்று தீர்த்துவிடும். குப்பையோடு கட்டிப் போடுங்கள். கிளம்பும் முன் ஒருவர் முழங்கால் மடிப்பு, கழுத்து, காதின் பின்புறம் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று மற்றவருக்குப் பாருங்கள். கருங்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பும். வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், கூடாரத்தைப் பல்கனியில் விரித்துக் காயவிட்ட பிறகே மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும்.