மயஸ்தீனியா உள்ளவர்கள் பலத்தைப் பங்கிட்டுச் செலவழிப்பது எப்படி?

மயஸ்தீனியா கிராவிஸ் என்று டாக்டர் சொல்லி, பைரிடோஸ்டிக்மின் மாத்திரையும் தொடங்கியாயிற்றா? சரி, இனி நீங்களே பழக வேண்டியது ஒன்று இருக்கிறது: தளர்வதற்கு முன்பே நிறுத்துவது. நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய் இது, ஒரே தசையை வேலை வாங்க வாங்கத் தளரும், ஓய்வு கொடுத்தால் மீளும். "மனசு வைத்தால் முடியும்" என்கிற சொந்தக்காரர்கள் பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

முதலில் ஒரு நோட்டு போடுங்கள். மாத்திரை போட்ட நேரம், செய்த வேலை, இமை இறங்கியதோ ஒன்று இரண்டாகத் தெரிந்ததோ எப்போது, இவ்வளவு போதும். ஒரு வாரம் எழுதினாலே உங்கள் உடம்பின் கணக்கு பிடிபடும். பலருக்கும் காலையில் பலம், சாயங்காலம் தளர்ச்சி.

மாத்திரை 30 முதல் 45 நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கி, 3, 4 மணி நேரம் தாங்கும். கஷ்டமான வேலைகளை அதற்குள் வையுங்கள். சாப்பாடும் ஒரு வேலைதான், அதை யாரும் சொல்லித் தருவதில்லை. மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) மென்றுகொண்டே இருந்தால் பாதியில் தாடை ஓய்ந்துவிடும், அதனால் மீன்கறி விட்டு நன்றாக மசித்து, முள்ளை வீட்டில் யாராவது எடுத்துத் தர, கொஞ்சம் கொஞ்சமாக, நடுநடுவே நிறுத்திச் சாப்பிடுங்கள். ராத்திரிக்குக் குழைந்த கஞ்சி.

அடுத்து வேலையைத் துண்டாக்குவது. கொடியில் துணி காயப்போட 20 நிமிடத்தில் கை தளர்கிறது என்று நோட்டு சொன்னால், 10 நிமிடத்திலேயே உட்காருங்கள், கை நன்றாக இருக்கும்போதே. வெயில் தளர்ச்சியைக் கூட்டும். நாகர்கோவில் வடசேரி சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.

நல்ல நாளில்தான் அதிகக் கவனம் வேண்டும். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குப் போகிற அன்று துவைப்பு, தேய்ப்பு எதுவும் வேண்டாம், மறுநாளையும் காலியாக வையுங்கள். அதற்காக நீங்களாகவே மாத்திரையைக் கூட்டாதீர்கள், அளவு மிஞ்சினாலும் பலம் குறையும்.

காய்ச்சல், சளி என்று எந்த டாக்டரிடம் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் தளர்ச்சியை மோசமாக்கும்.

மூச்சு வாங்கினாலோ, மல்லாந்து படுக்க முடியாவிட்டாலோ, எச்சில் விழுங்கச் சிரமப்பட்டாலோ ஓய்வெடுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிட்டு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், மருந்துச்சீட்டையும் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு.