ஹவுஸ் சர்ஜன் ஆண்டிலிருந்து எம்.எஸ். சீட் வரை: ஆசாரிப்பள்ளத்துத் தம்பி, தங்கையருக்கு

நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிப்பை முடித்து ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக, நுழைந்திருப்பவர்களில், அறுவை சிகிச்சைதான் தன் துறை என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயரில் சர்ஜன் இருந்தாலும் ஓராண்டுப் பயிற்சியில் பொது அறுவை சிகிச்சைக்குக் கிடைப்பது 6 வாரம்தான். ஆறு வாரம் வந்துபோகிறவர், அறுவை சிகிச்சை முதுநிலைப் பட்டமான மூன்றாண்டு எம்.எஸ். மாணவராக அந்த வார்டுக்குள் நுழைவது எப்படி?

முதல் படி: அந்த ஆறு வாரம்

வார்டில் எத்தனை தையல் போட்டாலும் அந்தப் படிப்புக்கான நீட் முதுநிலை நுழைவுத் தேர்வில் ஒரு மதிப்பெண்கூட அதிகமாகக் கிடைக்காது. பேராசிரியரின் பரிந்துரைக்கும் கலந்தாய்வில் இடமில்லை. அதனால் கையெழுத்துப் போட்டுவிட்டு நூலகத்துக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அறுவை சிகிச்சை உங்களுக்கு ஒத்துவருமா என்று செலவில்லாமல் தெரிந்துகொள்ள வாழ்க்கையில் கிடைப்பது இந்த ஆறு வாரம் மட்டுமே.

இரவு டூட்டியைக் கேட்டு வாங்குங்கள். மார்த்தாண்டம் சாலையில் பைக்கிலிருந்து விழுந்தவர், தென்னையிலிருந்து தவறி விழுந்தவர், குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டும்போது கையைக் கிழித்துக்கொண்டவர் என எல்லோரும் அந்த நேரத்தில்தான் வருவார்கள். காயத்தைக் கழுவுவது, தையல் போடுவது, மூக்கு வழியே இரைப்பைக்கு ரைல்ஸ் டியூப் போடுவது ஆகியவற்றை முதுநிலை மாணவர் அருகில் நிற்கும்போதே செய்து பழகுங்கள். ஒரு நோயாளியையாவது சேர்க்கை முதல் வீடு திரும்பும்வரை விடாமல் பின்தொடருங்கள். எனக்கு அப்படி அமைந்தவர் குளச்சல் பக்கத்து மீனவர் ஒருவர். சர்க்கரை நோயால் பாதத்தில் ஆறாத புண். நாள்தோறும் காலையில் டிரெஸ்ஸிங் மாற்றினேன். நாற்றம் குறைந்து சிவப்புத் தசை துளிர்த்த நாளில் அவரைவிட எனக்குத்தான் மகிழ்ச்சி அதிகம். அன்றே என் துறை எதுவென்று முடிவாகிவிட்டது. ஆபரேஷன் தியேட்டரில் மூன்று மணி நேரம், வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடித்து நின்றபின் எப்போது முடியும் என்று மட்டுமே மனம் ஏங்கினால், அதையும் நேர்மையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக் குறிப்பேட்டில் அன்றன்றே கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டாம் படி: படிப்பு

சமூக மருத்துவத்துக்கான 12 வாரம் படிப்புக்கு ஏற்ற காலம். மாலைப் பொழுதுகள் உங்களுடையவை. நீட் முதுநிலைத் தேர்வில் 200 கேள்விகள்; சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறைவு. அண்மை ஆண்டுகளில் தாளை ஐந்து பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பகுதிக்கு 40 கேள்விகள், 42 நிமிடங்கள். முடிந்த பகுதிக்குத் திரும்பிப் போக முடியாது. ஆகவே மாதிரித் தேர்வையும் 42 நிமிட அளவிலேயே எழுதிப் பழகுங்கள். அறுவை சிகிச்சைப் பாடத்தை மட்டும் கரைத்துக் குடித்தவருக்கு அறுவை சிகிச்சை சீட் கிடைப்பதில்லை. எல்லாப் பாடமும் சேர்ந்ததுதான் தரவரிசை.

மூன்றாம் படி: காகிதங்கள்

பயிற்சி நிறைவுச் சான்றிதழ், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் நிரந்தரப் பதிவு, சாதிச் சான்றிதழ். விடுப்பு நாட்கள் கூடினால் பயிற்சி முடியும் தேதி தள்ளிப்போகும். அந்த ஆண்டுக்கான கடைசித் தேதியைத் தாண்டினால் தேர்வெழுதும் தகுதியே போய்விடும்.

நான்காம் படி: கலந்தாய்வு

அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு, மீதி மாநில ஒதுக்கீட்டுக்கு. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். நான் தவறியது இங்கேதான். விருப்பப் பட்டியலில் சென்னை, மதுரைக் கல்லூரிகளில் சிலவற்றை மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். இடம் கிடைக்கவில்லை, ஓராண்டு போயிற்று.

நீங்கள் எழுதும் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, தரவரிசைக்கு எட்டுகிற முதல் இடத்தைக் கணினி ஒதுக்கும். எட்டாது என்று தோன்றும் கல்லூரியை உச்சியில் எழுதுவதால் எந்த இழப்பும் இல்லை. போக விருப்பமில்லாத இடத்தை எழுதுவதுதான் ஆபத்து. முதல் சுற்றில் கிடைத்ததை வேண்டாம் என்று விட்டுவிடலாம்; இரண்டாம் சுற்றில் விட்டால் வைப்புத்தொகை போகும். அகில இந்திய ஒதுக்கீட்டில் பொதுப் பிரிவினருக்கு அது 25,000 ரூபாய், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு 2 லட்சம். மேம்பட்ட இடம் கேட்டு அது கிடைத்துவிட்டால், பழைய சீட் உடனே கைவிட்டுப் போகும்.

கல்லூரியின் பெயரைவிட அங்கே படிக்கும் முதுநிலை மாணவரின் பேச்சை நம்புங்கள். முதலாம் ஆண்டில் எதைச் செய்யக் கையில் கத்தி கொடுப்பார்கள், இரவில் அவசர தியேட்டர் ஓடுகிறதா என்று கேளுங்கள். வீட்டில் திருநெல்வேலிக்கு அப்பால் போகாதே என்பார்கள். அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் கை பழகும் இடத்துக்கே போங்கள்.

கிடைக்காவிட்டால்

எம்.எஸ்.ஸுக்கு நிகரான, தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. பட்டத்துக்கான இடங்களும் இதே நீட் மதிப்பெண்ணில்தான் நிரம்புகின்றன, அதுவும் மூன்றாண்டுதான். அறுவை சிகிச்சை அதிகம் நடக்கும் மருத்துவமனையானால் தயங்காமல் சேருங்கள். அரசுப் பணியில் சேர்ந்து, பணியில் உள்ள மருத்துவர்களுக்கான ஒதுக்கீட்டில் வருவது இன்னொரு வழி. அத்தகைய ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தனியார் மருத்துவமனையில் டூட்டி டாக்டராகச் சேர்வதானால், வாரத்தில் எத்தனை இரவு என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சம்பளத்தைப் பார்த்து ஐந்து இரவுக்கு ஒப்புக்கொண்டால் புத்தகம் திறக்கவே முடியாது.

சீட் கிடைத்துச் சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கல்லூரியே வாங்கி வைத்துக்கொள்ளும். ஆசாரிப்பள்ளத்திலிருந்து கிளம்பும் முன் ஒவ்வொன்றிலும் நான்கு நகல் எடுத்துவிடுங்கள்.