பதிகத்துக்கு கிட்டார் சேர்க்கும் முன்னால்

தேவாரத்தை கிட்டார், கீபோர்டோடு புதிதாகப் பாடலாமா என்று கடலூர்ப் பிள்ளைகள் கேட்டால் தாராளமாகப் பாடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்கு முன் ஒரே ஒரு பதிகத்தையாவது (பத்துப் பாட்டுக் கொத்து) கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் ஒருவரிடம் உட்கார்ந்து, அவர் பாடுகிறபடியே மனப்பாடம் செய்துவிடுங்கள். நம் ஊர்ப்பக்கத்துக்கு 'கூற்றாயினவாறு' போதும். சூலை நோயில், அதாவது கடும் வயிற்று வலியில், துடித்த அப்பர் திருவதிகையில் பாடியது; ஒவ்வொரு பாட்டும் கெடிலக்கரை வீரட்டானத்து அம்மானை, அதாவது அந்தக் கோயில் சிவனை, கூப்பிட்டுத்தான் முடியும்.

இதன் பண், அதாவது பழைய தமிழ் ராகம், கொல்லி, இன்று அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். நவரோஜ் கீழ்ப் பஞ்சமத்துக்கும் (ப) நடுப் பஞ்சமத்துக்கும் இடையிலேயே புழங்கும், மேல் ஷட்ஜத்துக்கு (ச) ஏறாது. அதனால் மத்யம சுருதியில் பாடுங்கள், அதாவது உங்கள் வழக்கமான சுருதியின் மத்யமத்தையே (ம) ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கீழ் ஸ்வரங்கள் தொண்டையிலேயே நின்றுவிடும். கடைசிப் பாட்டில் உச்சஸ்தாயிக்குப் போய்க் கைதட்டு வாங்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அப்புறம், இது சங்கராபரணத்தில் பிறந்த ராகம், மேஜர் கார்டு சுலபமாக ஒட்டிக்கொள்ளும், ஆனால் நாலு வரி போவதற்குள் வலி போய்த் தாலாட்டு வந்துவிடும். கார்டு வேண்டாம், அந்தப் புது ஷட்ஜத்தின் ச-ப இரண்டை மட்டும் மெதுவாக மீட்டுங்கள்.

'குடரோடு துடக்கி முடக்கியிட' என்ற இடத்தில் டிரம்ஸ் போடாதீர்கள். அந்தச் சொற்களிலேயே அடி இருக்கிறது, எனக்கு அதைக் கேட்டாலே வயிறு இழுக்கும். புத்தகத்தில் சீர் பிரித்து 'அடியேன்அதி கைக்கெடில' என்று அச்சாகியிருக்கும், அதைப் பார்த்து 'அதிகை' என்ற ஊர்ப் பெயரை இரண்டாக வெட்டாமல் 'அடியேன்' முடிந்ததும் மூச்சு விடுங்கள்.

மரபைத் தொடவே கூடாது என்று யாராவது சண்டைக்கு வந்தால், நம் மாவட்டத்துக் கதை ஒன்றையே சொல்லலாம். தில்லையில் (சிதம்பரம்) தேவார ஏடுகள் கிடைத்தபோது பண் மறந்துபோயிருந்தது, திருஎருக்கத்தம்புலியூரில் யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்தான் பண் வகுத்துத் தந்தார் என்கிறது, தேவாரம் திரும்பக் கிடைத்த கதையைச் சொல்லும் திருமுறைகண்ட புராணம். விருத்தாசலம் பக்கத்து ஊர்தான் அது. அந்தப் பெண்ணுக்குப் பரம்பரை இசை கையில் இருந்தது, அதனால் வகுக்க முடிந்தது. மனப்பாடம் செய்துவிட்டு வாருங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பதும் அதனால்தான்.

சரி, ரெக்கார்டிங் போவதற்கு முந்தின நாள் வீட்டில் பாட்டிக்கு வாத்தியமில்லாமல் ஒருமுறை, வாத்தியத்தோடு ஒருமுறை பாடிக்காட்டுங்கள். இரண்டாவது முறையில் எந்தச் சொல் அவர் காதில் விழவில்லையோ அந்த இடத்தில் வாத்தியத்தை எடுத்துவிடுங்கள்.