ஜன்னல் வைத்த சிப் எல்லாம் ப்ரோட்டோடைப் ஆகிவிடாது

கீழக்கரையில் ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்றால், பரணிலிருந்து ஒரு பை கேம் கேசட்டும் சேர்ந்து இறங்கும். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் துபாய், சிங்கப்பூர் போன சபுராளிகள் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தவை. அந்தப் பை கடைசியில் என் ரிப்பேர் கடை மேஜைக்கு வரும், ஒரு கேள்வியோடு: "தம்பி, இதெல்லாம் இப்ப லட்சக்கணக்குல போகுதாமே?"

போகிறதுதான், ராத்தா. ஆனால் அப்படிப் போகிற கேசட் வேறு ரகம். விளையாட்டு கடைக்கு வருமுன்னே, கம்பெனிக்குள் சோதிப்பதற்கும் பத்திரிகைகளுக்கு விமர்சனத்துக்கு அனுப்புவதற்கும் கையால் சில பிரதிகள் மட்டும் செய்வார்கள். அதைத்தான் ப்ரோட்டோடைப் என்கிறோம். நம் கரையில் அது நேராகக் கிடைப்பது அபூர்வம். சேகரிப்பவர்கள் பெரும்பாலும் ஜப்பான், அமெரிக்க ஏலங்களில்தான் வாங்குகிறார்கள். இருந்தாலும் நம் ஊர்ப் பரண் பைகளையும் ஒதுக்கிவிடக் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் வேலை திறந்து பார்ப்பது. மேலே ஒட்டிய லேபிளைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள், லேபிளை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். நின்டெண்டோ கம்பெனியின் என்இஎஸ், சூப்பர் நின்டெண்டோ, கேம் பாய் கன்சோல்களின் கேசட்டுகளைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் பாதுகாப்பு ஸ்க்ரூ பிட் வேண்டும். சூப்பர் நின்டெண்டோ கன்சோலைத் திறப்பது 4.5. இரண்டும் சேர்ந்தே விற்கிறது. என்இஎஸ்ஸின் ஜப்பான் வடிவமான ஃபேமிகாம் கேசட்டுகளில் பெரும்பாலும் ஸ்க்ரூ இருக்காது, ஓட்டின் ஓரத்தில் கொக்கிதான். அதை ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பினால் ஓடு பிளந்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் தகடு போதும், அவசரமில்லை.

உள்ளே போர்டின் மேல் கருப்பாக ஒரு சொட்டு எபாக்ஸி மட்டும் உறைந்து கிடந்தால், அது பஜார் கேசட், அதாவது திருட்டுப் பிரதி. "9999999 இன் 1" என்று எழுதியிருந்தவை எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. கால் முளைத்த கருப்பு சிப், மேலே கம்பெனிப் பெயரும் பார்ட் நம்பரும் அச்சடித்திருக்கிறது என்றால் அது மாஸ்க் ரோம் (ஆலையிலேயே விளையாட்டைப் பதித்துவிட்ட, திரும்ப எழுத முடியாத சிப்), கடையில் விற்ற அசல். நாம் தேடுவது மூன்றாவது வகை: நடுவில் வட்டமான குவார்ட்ஸ் கண்ணாடி ஜன்னல் உள்ள இப்ராம் சிப். அந்த ஜன்னல் வழியாகப் புற ஊதா ஒளியைக் காட்டி அழித்துவிட்டுத் திரும்ப எழுதலாம். தினமும் மாறிக்கொண்டிருக்கிற விளையாட்டைச் சோதிப்பவர்களுக்கு அதுதான் தோது. ஜன்னலின் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, பேனாவால் விளையாட்டின் பெயரும் தேதியும் எழுதியிருப்பார்கள்.

நம் பக்கத்தில் ஏமாறுகிற இடம் இதுதான். தைவான், ஹாங்காங் பக்கம் திருட்டுக் கேசட் செய்தவர்களும் ஆரம்பத்தில் இப்ராம் சிப்பைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் மாஸ்க் ரோம் ஆர்டர் கொடுக்க வசதியில்லாதவனுக்கு அதுதான் வழி. ஆகவே வளைகுடாவிலிருந்து வந்த கேசட்டில் ஜன்னல் தெரிந்ததும் துள்ளாதீர்கள். போர்டைப் பாருங்கள். நின்டெண்டோ தன் மாதிரிகளுக்கென்றே செய்த போர்டுகளில் பெயரிலேயே அது தெரியும், என்இஎஸ்-டிகேஇப்ராம்-01 அப்படி ஒன்று. சிப்புகளுக்கு சாக்கெட்டோ, அகலமான துளைகளோ இருக்கும். கம்பெனிப் பெயரே இல்லாத போர்டு, ஈயம் அப்பிய பின்கள் என்றால் அது பஜார்தான்.

அடுத்தது சிப்பின் மேலுள்ள நான்கு இலக்கம். 9218 என்றால் 1992-ஆம் ஆண்டின் 18-வது வாரம் தயாரானது. விளையாட்டு 1990-லேயே கடைக்கு வந்துவிட்டது, சிப் 1992 என்றால், அது ப்ரோட்டோடைப் என்று சொல்பவரிடம் மரியாதையாக சலாம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சிப் பழையது என்பதால் மட்டும் நம்பிவிடவும் முடியாது. பழைய சிப் இன்றும் கிடைக்கிறது. இணையத்தில் கிடைக்கும் விளையாட்டுக் கோப்பை அதில் எழுதி, பழைய ஓட்டுக்குள் போட்டு, டீத் தண்ணீரில் ஊறிய மாதிரி ஒரு ஸ்டிக்கரும் ஒட்டினால் போலி தயார்.

அதனால் கடைசித் தீர்ப்பு சிப்புக்குள் இருக்கும் விஷயத்துக்குத்தான். சாக்கெட்டில் இருக்கும் சிப்பைக் கழற்றி டிஎல்866 போன்ற புரோகிராமரில் (சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவி) வைத்துப் படிக்கலாம். போர்டோடு ஈயம் வைத்திருந்தால் கழற்ற வேண்டாம், ஆர்டுவினோ என்ற சின்ன கணினிப் போர்டில் இயங்கும் திறந்தமூலக் கார்ட் ரீடரில் கேசட்டாகவே செருகிப் படியுங்கள். சிப்பின் எண்ணிலேயே அளவு தெரியும்: 27சி512 என்றால் 64 கிலோபைட், 27சி010 என்றால் 128, 27சி040 என்றால் 512. குறைந்தது மூன்று முறை படித்து, மூன்றும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். மாறி மாறி வந்தால் சிப்பில் மின்னேற்றம் கசிந்து பலவீனமாகியிருக்கலாம். 5 வோல்ட்டிலிருந்து சற்றே குறைத்துப் படித்தால் சில சமயம் சரியாக வந்துவிடும். கிடைத்த கோப்பின் சிஆர்சி32 எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) நோ-இன்ட்ரோ என்ற இணையப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். கடைக்கு வந்த பதிப்போடு அப்படியே ஒத்துப்போனால் ஆர்வம் பாதி குறையும். ஒத்துப்போகவில்லை என்றால், அந்தக் கோப்பை உடனே இரண்டு இடத்தில் சேமித்துவிட்டு அப்புறம் டீ குடியுங்கள்.

பரண் பைகளை ஒதுக்காதீர்கள் என்றேனே, அதற்குக் காரணம் சோனிக் 2. 1992-ல் வந்த அந்த விளையாட்டின் முடிக்கப்படாத பிரதி ஒன்று வெளியே கசிந்து, ஆசியாவில் சேகா கம்பெனியின் மெகா டிரைவ் கன்சோலுக்கான திருட்டுக் கேசட்டாக விற்றது. அதன் கோப்பு 1999-ல் இணையத்தில் சிக்கியபோது, வெளிவந்த பதிப்பில் நீக்கியிருந்த ஹிடன் பேலஸ் என்ற கட்டம் அதில் இருந்தது. பஜார் கேசட்டாகவே இருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க இந்தக் காரணம் போதும். கட்டங்களின் பெயர் மாறியிருக்கிறதா, தலைப்புத் திரை வேறா, இசை பாதியில் நிற்கிறதா என்று விளையாடிப் பாருங்கள். கேசட்டாகப் பெரிய விலை போகாமல் போகலாம், ஆனால் அதிலுள்ள கோப்புக்கு மதிப்பு உண்டு.

இனி விலை. உச்சியில் இருப்பது கடைக்கே வராத விளையாட்டு. 1989-ல் ஜப்பானில் வந்த மதர், ஆங்கிலத்தில் முழுதாகத் தயாராகியும் அமெரிக்கக் கடைக்கு வரவில்லை. அதன் ப்ரோட்டோடைப் கேசட்டிலிருந்து 1998-ல் கோப்பு எடுத்தார்கள், நின்டெண்டோ அதிகாரபூர்வமாக வெளியிட 2015 ஆகிவிட்டது. அடுத்த படி, வெளிவந்த விளையாட்டின் ஆரம்பகாலப் பிரதி, கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசங்களோடு. கடைசிப் படி, முடிந்த விளையாட்டை அப்படியே பத்திரிகைக்கு அனுப்பிய பிரதி. பிரபலமான விளையாட்டென்றால் இதற்கும் ஆள் இருக்கிறது.

படி எதுவானாலும், பாதி விலை அது வந்த வழிக்குத்தான். நின்டெண்டோவும் சோனியும் சேர்ந்து செய்த பிளேஸ்டேஷன் மாதிரிக் கன்சோல் 2020-ல் 3,60,000 டாலருக்குப் போனது. அதை 2009-ல் திவாலான ஒரு நிறுவனத்தின் ஏலத்தில் 75 டாலருக்கு எடுத்திருந்தார்கள். அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் முன்பு சோனியின் விளையாட்டுப் பிரிவை நடத்திய ஓலஃப் ஓலஃப்சன் என்பதால், பொருள் எங்கிருந்து வந்தது என்பதை நம்ப முடிந்தது. இந்தத் தொகையை மனதில் வைத்து உங்கள் கேசட்டுக்கு விலை போடாதீர்கள். ஏலத் தளத்தில் கேட்கிற விலையைத் தள்ளிவிட்டு, விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள். அதே கன்சோல், அதே படியில் உள்ள கேசட்டுகளாகப் பார்த்து, கடைசி இரண்டு மூன்று விற்பனையை எடுத்துக்கொண்டால் போதும். கோப்பு வெளியாகாத கேசட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற சேகரிப்பாளர்கள் உண்டு. அதற்காகப் படிக்காமலே பூட்டி வைப்பவர்களையும் பார்க்கிறேன். எனக்கு அது பிடிக்காது. சிப் செத்துப்போனால் பூட்டிய பெட்டிக்கு என்ன விலை?

கடலோரத்தில் பாதுகாப்பது தனி வேலை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னலோரம் வைத்த போர்டில் உப்பு ஏறி, பின்களில் பச்சையாகக் களிம்பு பூத்துவிடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் அதை இன்னும் கெடுக்கும். உப்புத்தாளும் வேண்டாம், மேலேயுள்ள தங்கப் பூச்சு போய்விடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சைத் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். பிறகு ரப்பர் ஓரம் வைத்த மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். இப்ராம் சிப்பின் ஜன்னல் திறந்து கிடந்தால் நேரடி வெயில் ஒரு வாரத்தில் அழித்துவிடும், டியூப்லைட் வெளிச்சத்தில் சுமார் மூன்று ஆண்டு தாங்கும். நம் வெக்கையில் பழைய ஸ்டிக்கரின் பசை காய்ந்து தானாக உதிரும். உதிர்ந்தால் ஜன்னலுக்கு அலுமினிய டேப் ஒட்டிவிட்டு, பழைய ஸ்டிக்கரை ஒரு கவரில் போட்டு அதே டப்பாவில் வையுங்கள். அந்தக் கையெழுத்தும் விலையில் சேர்த்திதான்.

விற்பதாக இருந்தால் ஓட்டின் இரு பக்கம், போர்டின் இரு பக்கம், சிப்பின் தேதி எண், ஓடுகிற திரை எல்லாவற்றையும் படம் எடுங்கள். யார், எந்த ஊரிலிருந்து, எந்த வருஷம் கொண்டு வந்தார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பேரப்பிள்ளை காலத்தில் அதைச் சொல்ல ஆள் இருக்காது. சாதாரண பஜார் கேசட் என்று தெரிந்தால், பையோடு வீட்டுக்கே கொண்டு போங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஓடுகிற கன்சோலோடு சேர்த்தால் சில நூறு ரூபாய்க்கு ஆள் வரலாம், தனியாக யாரும் வாங்க மாட்டார்கள்.