வீடு விற்கப் போகிறீர்களா? வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டியவை

"வாங்குறவர்தானே பார்த்து வாங்கணும்" என்பார்கள். பாதிதான் சரி. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55-இன்படி, உங்களுக்குத் தெரிந்த, அவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவர் கண்ணில் படாத பெரிய குறைகளை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மறைத்தால் அது மோசடி. கட்டடத்தில் உள்ள குறை மட்டுமல்ல, உரிமையில் உள்ள சிக்கலும் இதில் அடங்கும்.

படி 1: முதலில் நீங்களே வில்லங்கம் போட்டுப் பாருங்கள், அதாவது சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை வாங்கிப் பாருங்கள். வீட்டுக்கடனை எப்போதோ அடைத்திருப்பீர்கள். கடன் தீர்ந்ததைக் காட்டும் ரத்து ரசீதைப் பதியாமல் விட்டிருந்தால் அடமானம் அதில் அப்படியே நிற்கும். வங்கியைப் பிடித்து அதைப் பதிந்துவிடுங்கள்.

படி 2: வில்லங்கச் சான்றில் வராததை ஒரு தாளில் எழுதுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். நடந்துகொண்டிருக்கும் வழக்கு, வாய்வார்த்தையில் பிரித்துக்கொண்ட பாகம், பதியாமல் முத்திரைத்தாளில் மட்டும் எழுதி லீசுக்கு விட்ட மாடி எல்லாம் இதில் வரும். பூர்வீகச் சொத்தா? இந்து குடும்பங்களில் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு உண்டு. "தங்கச்சி ஒண்ணும் கேக்கமாட்டா" என்பது பத்திரமாகாது. அவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதியவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

படி 3: அப்புறம் கட்டடம். ஐப்பசி மழையில் படுக்கையறை மூலையில் ஓதம் ஏறுகிறது. புட்டி வைத்துப் பெயின்ட் அடித்துவிட்டால் மாசியில் வந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? சட்டம் சொல்லும் மறைந்த குறை இதுதான். சுவருக்குள் கசியும் குழாய், கோடையில் வற்றும் போர்வெல் ஆகியவற்றையும் சொல்லிவிடுங்கள். வரைபட அனுமதி இல்லாமல் எழுப்பிய மாடியையும் விடாதீர்கள்.

படி 4: மூலப்பத்திரம், பட்டா போன்றவற்றை எடுத்து வையுங்கள். கேட்டால் காட்டுவது உங்கள் கடமை. சொத்தைப் பற்றிய கேள்விக்குத் தெரிந்தவரை பதில் சொல்வதும்தான். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கிரைய நாள் வரையிலான சொத்துவரி உங்கள் தலையில்.

படி 5: அட்வான்ஸ் வாங்கும் முன்பே அந்தத் தாளைக் கொடுங்கள். இரண்டு பிரதி, இரண்டிலும் இருவர் கையெழுத்து, தேதி. "உள்ளது உள்ளபடின்னு ஒரு வரி போட்டுக்கலாம் சார்" என்று தரகர் சொல்லக்கூடும். தெரிந்தே மறைத்தவரை அந்த வரி காப்பாற்றும் என்று நான் நம்பமாட்டேன். கிரைய ஒப்பந்தத்திலேயே குறைகளைப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.